யாருடைய தனிமை?

நம் சிறுபத்திரிகைக்காரர்கள் அரை நூற்றாண்டாகத் தனிமையை எழுதித் தீர்க்கிறார்கள். அந்நியமாதல், இருத்தலின் வெறுமை என்று பேரும் வைத்தாயிற்று. கூட்டத்தை விட்டு விலகுவது அவர்களுக்குச் சௌகரியம். அலுத்தால் திரும்பிப் போகலாம், வீடு திறந்தே இருக்கும். நம்மள எவன் கூட்டத்துல சேத்தான், நாம விலகி நிக்க?

2023இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு ஆணையமே அமைத்தது. சரி. ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடப்பதை எந்த டாக்டர் நோய் என்று எழுதித் தருவார்?

1917இல், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கரை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். 2016 ஜனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் விடுதியை விட்டு நீக்கப்பட்ட ஐந்து மாணவர்கள் வெட்டவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பேர் வைத்தார்கள். தெலுங்கில் அது நம்ம சேரிதான். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா, சிறுவயதுத் தனிமையிலிருந்து தன்னால் மீளவே முடியாது என்று எழுதிவைத்துவிட்டு அந்த மாதமே செத்துப்போனார். இதையும் இருத்தலியல் கணக்கில் எழுதிக்கொள்வீர்களா?

நான் அரசு ஆதிதிராவிடர் விடுதியில் படித்தவன். வகுப்பில் என் பெஞ்சில் இடம் காலியாகவே கிடக்கும். ராத்திரி விடுதியில் பாயோடு பாய் இடிக்கும். ஒருத்தன் வாங்கின பேப்பரை பதினைஞ்சு பேர் படிப்போம், விடிய விடிய சண்டை போடுவோம். சிநேகம்னா என்னன்னு அங்கதான் தெரிஞ்சது. அந்த மாதிரி விடுதிகளின் கூரையும் கக்கூசும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று, அடுத்த தனிமைக் கட்டுரைக்கு முன்னால் இவர்கள் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.