தோளில் மோர்ட்டார் மாட்டினா சூட் தாங்குமா பாஸ்?

2024-ல் அமேசான் ப்ரைமில் வந்த 'ஃபால்அவுட்' சீரிஸைப் பார்த்தவங்களுக்கு பவர் ஆர்மர் பத்திப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. ஆள் உள்ளே ஏறி நின்னு இயக்குற இரும்பு உடம்பு. 1959-லேயே ராபர்ட் ஹைன்லைன் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் இதை எழுதிட்டார். டைஸ் உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம்களுக்கு இப்படி ஒரு சூட் டிசைன் பண்ண உட்கார்ந்தா, முதல் ஆசையே தோளில் ஒரு மோர்ட்டார் வைக்கணும்கிறதுதான். கெத்துதான். ஆனா கணக்கு இடிக்குது.

நிஜத்தில் 81 மி.மீ. மோர்ட்டார் 35-லிருந்து 40 கிலோ வரை இருக்கும். குண்டு ஒண்ணு சுமார் 4 கிலோ. இருபது குண்டு தூக்கினா அதுவே 80 கிலோ. எடை சமாளிக்கலாம், சூட் இருக்கே! பிரச்னை உதைப்பு. குண்டு மேலே போகும்போது குழாய் கீழ்நோக்கி உதைக்கும். அதை வாங்கத்தான் அடியில் கனமான இரும்புத் தட்டு வச்சு தரையில் பதிக்கிறாங்க. தோளில் மாட்டினா அந்த அடி முதுகு, இடுப்பு, முட்டின்னு இறங்கும். அதனால சுடும்போது சூட் மண்டி போட்டு, கால்ல இருக்கிற ஆணியைத் தரையில் இறக்கணும்னு விதி வைங்க. அந்த டர்ன் முழுக்க அசைய முடியாது. இங்கேதான் கேம் சூடு பிடிக்கும்.

இன்னொண்ணு, பேட்டரி. அமெரிக்க சிறப்புப் படைகள் 2013-ல் ஆரம்பிச்ச டாலோஸ் சூட் திட்டம், முழு உடை களத்துக்கு வராமலேயே 2019-ல் முடிஞ்சுது. மின்சாரம் அதில் பெரிய தலைவலி. உங்க சூட்டுக்கு மட்டும் தீராத பேட்டரியா? போங்க பாஸ்.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. மோர்ட்டார் சுடுறவருக்குப் பெரும்பாலும் இலக்கு தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் நின்னு இன்னொருத்தர் ரேடியோவில் சொல்லணும். அந்த வேலையைக் கவசமே இல்லாத பிளேயர்கிட்ட கொடுங்க. டேபிளில் இருக்கிற எல்லாருக்கும் வேலை வந்துடும். குண்டு வானத்தில் இருபது, முப்பது விநாடி கூட இருக்கும். அதனால அது அடுத்த டர்ன்லதான் விழணும். நடுவுல திருப்பிக் கூப்பிட முடியாது.

குழாயை விட்டு குண்டு கிளம்பிடுச்சு. அப்போ கேம் மாஸ்டர், "அந்த வீட்டுக் கதவு திறக்குது, யாரோ வெளியே வர்றாங்க"ன்னு சொன்னா, ரேடியோ வச்சிருக்கிறவர் என்ன பண்ணுவார்?