காயலாங்கடைக்குப் போகக்கூடாத வெள்ளி

தங்கவயலைச் சேர்ந்த, இப்போது எங்கெங்கோ வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, பீரோ மேல் பழுப்புக் கவரில் கிடக்கும் தாத்தாவின் மார்பு எக்ஸ்ரேக்களைக் காயலாங்கடையில் போட்டுவிடாதீர்கள். அதை எடைக்கு வாங்க ஆள் இருக்கிறது. காரணம், அதிலுள்ள வெள்ளி.

நான் காமர்ஸ் படித்த பேங்க் ஆசாமி. எனக்கே புரிந்த கெமிஸ்ட்ரிதான் இது. எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளை போட்டோவும் ஒரே சாதி. இரண்டிலும் ஜெலட்டினில் கலந்து பூசியிருப்பது வெள்ளி உப்பு, பெரும்பாலும் சில்வர் புரோமைடு. ஒளியோ எக்ஸ் கதிரோ பட்ட துகள்கள், டெவலப்பரில் போட்டதும் கரிய வெள்ளியாக மாறிவிடும். படாத உப்பை ஹைப்போ கரைத்து வெளியேற்றிவிடும். உப்பு ஹைப்போவில் கரைவதை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்தார். 1839-ல் போட்டோவை நிலைநிறுத்த அதுவே கைகொடுத்தது.

காற்று நிறைந்த நுரையீரல் கதிரை எளிதில் விட்டுவிடும், அதனால் பிலிமில் கறுப்பாகத் தெரியும். எலும்பு தடுக்கும், வெள்ளையாகத் தெரியும். சுரங்கத்தில் குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசு படிந்து தழும்பாகி, அதுவும் கதிரைத் தடுக்கும். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். அதுதான் சிலிகோசிஸ்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானதே நம்ம ஊரில்தான், 1947-ல். 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளிகளைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்கு இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேருக்கு ஒருவர்! வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் தாத்தாக்கள் அவர்கள்.

2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போய்விட்டது, சயனைடு மண்மேடுகள் மிஞ்சின. அந்த மனிதர்கள் மூச்சால் கொடுத்த விலைக்கு நம் வீட்டில் இருக்கும் வவுச்சர் இந்தப் பிலிம்தான். இதை விற்றால் என்ன வரும்? பிலிமைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தோ எரித்தோ வெள்ளியைப் பிரிக்கிறார்கள். ஒரு பிலிமில் ஒரு கிராம்கூடத் தேறாது.

"செல்போனில் படம் எடுத்துவிட்டேன், போதாதா?" என்பீர்கள். போதாது. ஒரு மில்லிமீட்டர் புள்ளிகளும் சாம்பல் நிறத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கமும் செல்போனில் தப்பிவிடும். சிலிகோசிஸைக் காசநோய் என்று எழுதிவிட்ட கதைகள் நம் நாட்டில் ஏராளம். பிலிம் இருந்தால் இன்னொரு டாக்டர் இன்றும் திரும்பப் பார்க்கலாம். எங்கள் தொழிலிலும் இன்று செக்கின் படத்தை வைத்தே பணம் கைமாறுகிறது. ஆனாலும் வசூலுக்கு அனுப்பிய பேங்க் அந்தக் காகிதச் செக்கை 10 வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. சாதாரண செக்குக்கே இவ்வளவு மரியாதை என்றால் தாத்தாவின் நெஞ்சுக்கு?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி காகித உறையில் போடுங்கள். உறைமேல் பெயர், வருடம், எந்த ஷாஃப்டில் வேலை என்று பென்சிலால் எழுதுங்கள். ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள். வினிகர் வாசனை அடிக்கும் பழைய பிலிமை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், அந்த அமிலம் பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும். கல்யாண போட்டோ நெகட்டிவ்களுக்கும் இதே வைத்தியம்தான்.

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, அந்தப் பழுப்புக் கவர் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.