ஸ்கிரீன் பிரிண்டிங் வேணும், ஆரஞ்சுத் தூள் வேண்டாம்!



அடுத்த மாதம் நம் பள்ளியில் கைத்தொழில் வகுப்பாக சில்க் ஸ்கிரீன் பிரிண்டிங் சொல்லித் தரப் போகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்திருப்பீர்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது நான்தான். ஏன்னா இந்த வேலை எங்க வீட்டில் ரெண்டு வருஷமா நடக்குது. பெயர் கொடுத்த கையோடு, வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலையும் பார்த்தேன். அதில் நாலாவது பொருளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்க கதை. அப்பா சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். ஒப்பந்தம் முடிஞ்சதும் வேலையும் போச்சு. பெங்களூரில் ஸ்டிக்கர் கடையில் வேலை பார்த்த மாமா, ஒரு மரப் பிரேமும் ரெண்டு டப்பா மையும் கொண்டு வந்து எங்க வராண்டாவில் வைத்தார். அம்மா கற்றுக்கொண்டார். இப்போ காதணி விழா, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாத்துக்கும் மஞ்சப்பை அச்சடித்துக் கொடுக்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டத்தை அரசு தொடங்கியது. அதனால துணிப்பைக்குக் கொஞ்சம் மரியாதை திரும்பியிருக்கு. என் பரீட்சைக் கட்டணம், தங்கச்சியின் சைக்கிள் ரிப்பேர் எல்லாம் அந்தப் பைகளில் இருந்து வந்ததுதான். எனவே இந்தத் தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரச் சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டணும். அந்தக் காலத்தில் பட்டு, அதனால்தான் சில்க் என்று பெயர். இப்போ பாலியஸ்டர்தான். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் வலைக்கண் திறந்திருக்கணும், மற்ற இடம் அடைபட்டிருக்கணும். மேலே மையை ஊற்றி, ஸ்குவீஜி என்கிற ரப்பர் வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. கீழே பையில் எழுத்து விழும். மாம்பழப் பெட்டியில் தகரத்தை வெட்டி எழுத்து அடிப்பார்களே, அதில் 'ம' மாதிரி எழுத்தின் நடுத்துண்டு விழாமல் இருக்க இடையில் ஒரு பாலம் விட்டிருப்பார்கள், எழுத்து உடைஞ்ச மாதிரி தெரியும். வலை இருந்தால் நடுத்துண்டை வலையே பிடித்துக்கொள்ளும், பாலம் தேவையில்லை. எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

வலையை அடைப்பதில்தான் சிக்கல். கடையில் கிடைக்கிற பசை மாதிரியான எமல்ஷனில் ஆரஞ்சு நிறத் தூளைக் கரைத்துக் கலந்து வலையில் பூசுவோம். இருட்டில் காய வைத்து, எழுத்து அச்சிட்ட டிரேசிங் தாளை மேலே வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். எழுத்தின் கறுப்பு மறைத்த இடம் இறுகாது, தண்ணீர் பட்டதும் மஞ்சளாகக் கரைந்து ஓடிவிடும். அந்தத் தூள்தான் பைகுரோமேட். அண்ணன்களின் +2 வேதியியல் புத்தகத்தில் பொட்டாசியம் டைகுரோமேட் என்று இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். நம் பட்டியலில் நாலாவது பொருளும் அதுதான்.

போன வருஷம் மாமாவுக்கு விரல் இடுக்கில் புண் வந்தது. சோப்பு ஒத்துக்கல என்று நினைத்தோம். மஞ்சள் பூசினோம், வேப்பிலை அரைத்துப் போட்டோம், ஆறவே இல்லை. கடைசியில் தோல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கொத்தனார் வேலையா?" மாமாவுக்கு ஒண்ணும் புரியல. சிமெண்ட்டில் கொஞ்சம் குரோமியம் இருக்குமாம், அதனால் கொத்தனார்களுக்கு இப்படித் தோல் நோய் வருமாம். மாமா தன் வேலையைச் சொன்னதும் டாக்டர், "அதைவிட இதில் ரொம்ப அதிகம். கையுறை இல்லாம தொடாதீங்க" என்றார். இந்தக் குரோமியத்தை ஆறு இணைதிறன் குரோமியம் என்பார்கள். மூச்சில் தொடர்ந்து போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். தூள் விற்ற கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள், பெருங்காயம் மாதிரி!

மாமாவின் கை ஒரு பக்கம். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. பிரேமைக் கழுவும் வேலை என்னுடையது. மஞ்சள் தண்ணீரை வாசல் சாக்கடையில்தான் இத்தனை நாளும் ஊற்றினேன். எங்க போர்வெல்லில் இருந்து அந்தச் சாக்கடை பத்தடிகூட இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொட்டாசியம் டைகுரோமேட் 294 கிராமில் 104 கிராம் குரோமியம். அப்படியென்றால் 3 கிராம் தூளில் சுமார் 1 கிராம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 1 கிராமை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 20,000 லிட்டர் தண்ணீர் வேணும். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டாங்க் இருபது! போட்ட தூள் முழுக்கச் சாக்கடைக்குப் போகாது, கொஞ்சம் பிரேமிலேயே நின்றுவிடும் என்பதும் உண்மை. கால் பங்கு போனாலும் அஞ்சு டாங்க்.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது நாம் எல்லோரும் பெங்களூரைத் திட்டுகிறோம். தப்பில்லை. நந்தி மலையில் பிறந்து வருகிற தென்பெண்ணையில் அந்த ஊர்க் கழிவுநீர் கலப்பதால்தான் நுரை வருகிறது. ஆனா நுரை கண்ணுக்குத் தெரியும், டி.வி.க்காரங்களும் வருவாங்க. குரோமியம் தண்ணீரில் கரைந்தால் கொஞ்ச தூரத்திலேயே நிறமும் தெரியாது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலை மாதிரி கிடந்து, அந்தப் பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த செய்தி. எங்க வராண்டாவும் அந்தத் தொழிற்சாலையும் ஒண்ணா என்று கேட்கலாம். ஒண்ணு இல்லைதான். ஆனா ஓசூரில் என் வராண்டா ஒண்ணு மட்டும்தானா இருக்கு? ஸ்டிக்கர், பத்திரிகை, பை, கம்பெனி லேபிள் என்று தெருவுக்குத் தெரு எத்தனை பிரேம் கழுவப்படுதோ!

அப்போ தொழிலை விட்டுவிடலாமா? வேண்டவே வேண்டாம். மாற்று இருக்கிறது. டையசோ என்கிற சென்சிடைசர் போட்ட எமல்ஷன் கிடைக்கிறது, அதில் குரோமியம் இல்லை. விலை கூட, வெயிலில் காட்டும் நேரமும் அதிகம் என்று மாமா முதலில் முணுமுணுத்தார். ஆனால் தூள் கலந்து பூசிய பிரேமை அன்றைக்கே வெயிலில் காட்டணும், விட்டுவைத்தால் இருட்டிலேயே இறுகிவிடும். டையசோ கலந்த எமல்ஷன் பிரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கும். பவர் கட் ஆகி வேலை நின்றால்கூட வீணாகாது. இப்போ மாமாவே அதைத்தான் வாங்கி வருகிறார். இதையும் கையுறை போட்டுத்தான் தொடணும், கழுவின தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது.

புதுசாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. கைத்தொழில் சாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் மாதம் காகித ஸ்டென்சிலிலேயே சொல்லிக் கொடுங்கள். பழைய போட்டோ பிரேமில் பாலியஸ்டர் ஆர்கன்சா துணியை மத்தளத் தோல் மாதிரி இறுக்கி அடித்து, வெட்டிய காகிதத்தைக் கீழே வைத்து, துணிக்கான பிக்மெண்ட் மையைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழுத்தால் போதும். நாலு மூலையிலும் ஒரு ரூபாய் நாணயம் ஒண்ணு வைத்துப் பிரேமைத் துளி உயர்த்தினால் எழுத்து ஈஷாது. மை இழுத்ததும் நடுத்துண்டு தானாகவே வலையில் ஒட்டிக்கொள்ளும். இருபது பை வரை காகிதம் தாங்கும். ஆண்டு விழாவுக்கு பிளெக்ஸ் வைப்பதற்குப் பதில் துணி பேனரே நாம் அடித்துவிடலாம், கடைசியில் அதையே பையாகத் தைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக வேதியியல் சாருக்கு ஒரு கேள்வி. எங்க வீட்டுப் பரணில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி அளவு ஆரஞ்சுத் தூள் இன்னும் இருக்கிறது. குப்பையில் போட மனசு வரல, சாக்கடையில் கொட்டவும் முடியாது. தங்கச்சி கைக்கு எட்டாத இடத்தில் அம்மா துணி சுற்றி வைத்திருக்கிறார். நம் லேப் இதை வாங்கிக்கொள்ளுமா, இல்லை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் யாரிடமாவது கேட்கணுமா என்று சார் சொன்னால், மாமாவையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்.

– +1 'ஆ' பிரிவு மாணவன்