விரைவும் வாய்மையும்

நம் கலாசாலை மாணாக்கர் சிலர் தத்தம் இல்லத்துச் சிறு கணினிகளை இரவிலும் ஓய்வின்றி இயக்கி, உலகப் பொதுவான ஆராய்ச்சிகளுக்கு உதவி வருகின்றனர் என அறிந்து மகிழ்கின்றோம். அவருள் ஒரு சாரார், செயலியைச் செய்தோர் வகுத்த அளவினும் மேற்பட்ட விரைவில் அதனை ஓட்டுதலைப் பெருமையாகக் கருதுகின்றனர். 'ஓவர்கிளாக்கிங்' என வழங்கும் இச்செயல் தக்கதோ தகாததோ என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பொறியால் முடியாத பெருங்கணக்கைச் சிறு சிறு பங்குகளாக வகுத்து, பல்லாயிரம் வீடுகளிலுள்ள கணினிகளுக்கு இணையத்தின் வழியே அனுப்பி, விடைகளைத் திரட்டுதல் பகிர்ந்த கணிப்பு எனப்படும். 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையார் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' இம்முறையை உலகறியச் செய்தது. அது 2020 மார்ச்சு இறுதியில் புதுப் பங்குகள் வழங்குவதை நிறுத்திற்றாயினும், 2005-இல் தோன்றிய 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' இன்றும் நடைபெறுகின்றது. வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் துடிப்பு விண்மீன் ஒன்று 2010-இல் கண்டறியப்பட்டது இதன் வாயிலாகவே. அதனைக் கண்டவை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த கணினிகள்.

திருநாவலூரிற் பிறந்தோர்க்கு இத்தகைய கூட்டுத்தொண்டின் சிறப்பை எடுத்துரைத்தல் மிகை. எம்மூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் தனியடியார் அறுபதின்மரைப் போற்றியதோடு அமையாது, பெயர் குறியாத தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும் போற்றினார். பெயர் விளங்காதவர் செய்த தொண்டும் தொண்டே. ஆனால், தொண்டு மெய்யாயிருத்தல் வேண்டும். நம் வினாவும் இங்கேதான் பிறக்கின்றது.

செலவை முதற்கண் நோக்குவோம். செயலி உண்ணும் மின்திறன், அதன் துடிப்பு விரைவுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் பெரும்பாலும் உயரும். விரைவை நூற்றுக்கு 20 உயர்த்த, அழுத்தத்தை நூற்றுக்கு 10 உயர்த்த நேர்ந்ததாகக் கொள்க. வேலை நூற்றுக்கு 20 மிகும். மின்திறனோ நூற்றுக்கு 45 மிகும். இவ்வளவில் நிறுத்தினால் விரைவு வீண்செலவே எனத் தோன்றும்.

ஆயினும் எதிர்வாதத்தையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். 2008-இல் இன்டெல் கம்பெனியார் வெளியிட்ட 'ஆட்டம் 330' என்னும் சிறு செயலிக்கு வகுத்த அளவு 8 வாட்டு. அதனொடு பலகையிற் பொருத்திய துணைச் சில்லோ 20 வாட்டுக்கு மேல் உண்பது. பலகை, நினைவகம், தட்டு முதலியன எல்லாம் சேர்ந்து 30 வாட்டு உண்ணுமெனில், மொத்தம் 38. மேற்கூறியவாறு செயலியை விரைவுபடுத்தின் மொத்தம் ஏறத்தாழ 41½. செலவு நூற்றுக்குப் பத்தளவே மிக, வேலை நூற்றுக்கு 20 மிகுகின்றது. ஆதலின் சிறு செயலியை ஓரளவு விரைவுபடுத்துதல் சிக்கனமே என்னும் மாணாக்கர் கூற்றை யாம் மறுக்கவில்லை.

எம் கவலை வேறு. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலை அறியாதார் இலர். சில்லு 85 பாகை வெப்பத்தைக் கடத்தலாகாது எனக் கொள்வோம். அறை 25 பாகையாயின் வெப்பம் வெளியேற 60 பாகை வேறுபாடு உண்டு. அறை 40 பாகையாயின் 45 மட்டுமே. அதே விசிறியும் அதே உலோகத் தகடும் நாலில் ஒரு பங்கு வெப்பத்தைக் குறைவாகவே வெளியேற்றும். மார்கழியிற் பழுதின்றி ஓடிய விரைவு சித்திரையிற் பிழைபடுதல் இதனாலேயே.

அப்பிழையின் இயல்பை உணர்தல் வேண்டும். கவலை இறைப்பவன் சால் நிறையுமுன் மாட்டை ஓட்டுவானாயின், இறைத்த எண்ணிக்கை மிகும். வாய்க்காலில் நீர் மிகாது. செயலியுள்ளும் ஒரு துடிப்புக்குரிய மின்குறி சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிடின், ஓர் இலக்கம் மாறிப் பதியும். குறைச்சாலைக் கண் காணும். மாறிய இலக்கத்தை யார் காண்பார்? பொறி நிற்பதில்லை, திரை மங்குவதில்லை, விடை மட்டும் பொய்யாகின்றது.

இதனை அஞ்சியே பல திட்டத்தார் ஒரே பங்கை இருவர்க்கு அனுப்பி ஒப்பு நோக்குகின்றனர். விடைகள் மாறுபடின் மூன்றாமவர் மீண்டும் கணிக்க வேண்டும். நம் பொறி பொய் கூறின், நம் மின்சாரம் வீணாவதோடு, முகமறியா ஒருவருடைய உழைப்பையும் கேட்டு வாங்குகின்றோம். மதிப்பெண் பட்டியலில் முந்த விரும்பி இவ்வாறு செய்தல் தொண்டன்று, பிறர்மேற் சுமையேற்றுதலேயாம்.

ஆகவே மாணாக்கர்க்கு யாம் கூறுவன இவை. விரைவைச் சிறிது சிறிதாக உயர்த்துக. ஒவ்வொரு படியிலும் விடை தெரிந்த கணக்குகளை ஒரு நாளேனும் இட்டுச் சோதிக்க. பிழை தோன்றிய எல்லையில் நில்லாது, அதற்குக் கீழே இரண்டு படி இறங்கி நிற்க. கோடை தொடங்குமுன் செய்தோர் வகுத்த அளவுக்கே திரும்புக. இயலுமாயின் விரைவை மாற்றாது மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, அதனையும் அவ்வாறே சோதித்துக் கொள்க. செலவைச் சுவரிலுள்ள மின் இணைப்பில் அளவியிட்டு அறிக. நம் கலாசாலைப் பொறிகளை அதிகாரிகளின் அனுமதியின்றித் தொடாதிருக்க.

ஓர் இரவில் ஒரு பங்கே முடிப்பினும் அது பிழையற்றதாயின், அதனை எவரும் மீண்டும் செய்ய வேண்டுவதில்லை. சிறு பொறி உலகிற்குத் தரத்தக்க பெருங்கொடை அதுவே.