கொடைக்கானல் குளிருக்கு வாரண்டி கிடையாதா? கிட்டார் கம்பெனிகளுக்கு ஒரு கேள்வி!

மலையில் கிட்டார் வாங்குபவர்கள் பாடு பெரும் பாடு!

"வாழ்நாள் வாரண்டி" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பிப் பணத்தைக் கொட்டி வாங்குகிறார்கள். ஒரு மழைக்காலம் போகிறது. கிட்டாரின் வயிறு உப்புகிறது. கழுத்து வளைகிறது. கம்பி மேலே தூக்கிக்கொள்கிறது. அழுத்தினால் விரல் நோகிறது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன பதில்?

"இது ஈரத்தால வந்த கோளாறுங்க. கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது."

அவ்வளவுதான். கதவு சாத்தியாச்சு!

பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு!

"கிட்டார்தானே, இது ஒரு விஷயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கொடைக்கானலைப் பார்க்க வேண்டும். 1901-ல் தொடங்கிய சர்வதேசப் பள்ளி இருக்கிற ஊர் அது. மேல்நாட்டு இசை அங்கே நேற்று வந்த சமாசாரம் அல்ல. சர்ச்சில் வாசிப்பவர், சீசன் நேரத்தில் ஓட்டலில் வாசித்து நாலு காசு பார்ப்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் இவர்களுக்கெல்லாம் கிட்டார்தான் சோறு போடுகிறது. தச்சனுக்கு உளி எப்படியோ, இவர்களுக்குக் கிட்டார் அப்படி. உளி உடைந்தால் தச்சன் வீட்டில் அடுப்பு எரியுமா?

மரம் மூச்சு விடும்!

கோளாறு எப்படி வருகிறது? கிட்டார் என்பது மெல்லிய பலகைகளைப் பசை போட்டு ஒட்டிய பெட்டி. ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசையில் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊறும், உப்பும். ஈரம் குறைந்தால் சுருங்கும், வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது கம்பெனிக்காரர்களே சொல்லும் கணக்கு.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற கொடைக்கானலில் இந்தக் கணக்கு செல்லுமா? ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே நுழைகிறது. துவைத்த துணி நாள் கணக்கில் காய்வதில்லை. குளிருக்குக் கணப்பு மூட்டினால் அந்த அறை மட்டும் காய்ந்து போகிறது. காலையில் பனி மூட்டத்தில் புறப்பட்ட கிட்டார், மத்தியானம் பழனி அடிவாரத்து வெயிலில் வேகிறது. மரம் பாவம், என்ன செய்யும்?

பொடி எழுத்தில் இருப்பது என்ன?

மார்ட்டின், டெய்லர் போன்ற பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் வாழ்நாள் வாரண்டி தருகின்றன. ஆனால் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். கை மாறினால் வாரண்டி போச்சு. அதிக ஈரம், அதிக வறட்சி, அதிக வெப்பம் ஆகியவற்றால் வரும் சேதமும் அதில் சேராது. இந்த விதிகள் இங்கிலீஷில், பொடி எழுத்தில் இருக்கின்றன. வாங்கும்போது இதைப் படித்துக் காட்டும் கடைக்காரர் எத்தனை பேர்?

கம்பெனி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஈரச் சுவரில் கிட்டாரை மாட்டி வைத்துவிட்டு, வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டுவிட்டு, "புதுசு கொடு" என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்?

ஆனால் எல்லாப் பழியையும் பனி மேல் போடுவது எந்த ஊர் நியாயம்? முதல் நாளே கழுத்து கோணலாக இருந்தால் அது பனியின் குற்றமா? முறுக்காணி நிற்காமல் நழுவினால் அது மழையின் வேலையா? கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு திருகினாலும் திரும்பவில்லை என்றால் குளிரா காரணம்? சரியாகக் காயாத மரத்தில் கிட்டார் செய்து அனுப்பினாலும் பலகை வளையும். அது தொழிற்சாலையின் தப்பு. இதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல், ஒரே வார்த்தையில் "ஈரம்" என்று தள்ளிவிடுவதுதான் அக்கிரமம்!

சட்டம் என்ன சொல்கிறது?

விஷயம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பம்பாயில் இருந்தாலும் சரி, கல்கத்தாவில் இருந்தாலும் சரி, கொடைக்கானல்காரர் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுத்தால் போதும்.

பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் ஒரு காசு கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. விசாரணையை வீடியோ மூலம் நடத்தும்படியும் கேட்கலாம். ஆனால் 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு மேல் தூங்கினால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டியாக வேண்டும்.

கோளாறு மரத்திலா, வைத்திருந்த விதத்திலா என்று தகராறு வந்தால் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பது விதி. குறை நிரூபணமானால் ரிப்பேர், மாற்றுப் பொருள், பணம் வாபஸ், நஷ்டஈடு என்று உத்தரவு போடலாம்.

பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நியாயமற்ற வியாபாரம் என்று அதே சட்டம் சொல்கிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் கவனிக்கட்டும்! ஆன்லைனில் வாங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அதைத் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு விதி. எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சுழற்றலாம்.

செய்ய வேண்டியது என்ன?

வாங்குபவர்கள் முதலில் பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியைப் பிரித்த அன்றே கழுத்து, கம்பி உயரம், ஒட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். கோளாறு தெரிந்தால் உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்துப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் "கண்டவர் கை வைத்தது" என்று கம்பெனி கைகழுவிவிடும். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். கிட்டாரை மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. ஒரு சின்ன ஈரமானியும் வாங்கி வைத்தால், நாளைக்குத் தகராறு வரும்போது அதுவே சாட்சி.

கம்பெனிகளும் மனசு வைக்க வேண்டும். யமஹா கம்பெனி 2019-ல் சென்னை அருகே தொழிற்சாலை திறந்து, கிட்டார் செய்கிறது. கல்கத்தாக் கிட்டார்களும் தமிழ்நாடு முழுக்க விற்கின்றன. விற்க வழி தெரிந்தவர்களுக்கு ரிப்பேர் பார்க்க வழி தெரியாதா? மலையிலிருந்து கிட்டாரைக் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டி, தூர ஊருக்குப் பார்சல் அனுப்பினால் முழுசாகப் போய்ச் சேருமா? கூலியை யார் கொடுப்பது? மதுரையிலாவது ஆள் வைத்து ரிப்பேர் பார்த்துத் தரட்டும். வாரண்டி அட்டையைத் தமிழில் அச்சடிக்கட்டும். "வாரண்டி இல்லை" என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் "ரிப்பேர் செய்யும் உரிமை" என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. விவசாயக் கருவி, செல்போன் உள்ளிட்ட எலக்ட்ரானிக் சாமான், வீட்டுச் சாமான், வண்டி வாகனம் என்று அப்போது நாலு வகையைச் சொன்னார்கள். இசைக்கருவிக்கு அதில் இடம் இல்லை. ஏன் இல்லை? பாடுகிறவனும் வாசிக்கிறவனும் பணம் கொடுத்துத்தானே வாங்குகிறான்?

திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொடைக்கானலில் நுகர்வோர் முகாம் நடத்தி, மனுக்களை மலையிலேயே வாங்க வேண்டும். ஒரு கிட்டாருக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துத் திண்டுக்கல் இறங்க எத்தனை பேரால் முடியும்? "முடியாது" என்று தெரிந்துதானே சிலர் தைரியமாகக் கை விரிக்கிறார்கள்!

மலைக்காரன் காசும் காசுதான். அதை வாங்கிப் பெட்டியில் போடும்போது குளிரவில்லை. குறையைச் சரிசெய்து கொடு என்றால் மட்டும் குளிர்கிறதா?