குரல் இருக்கிறது, புல்லாங்குழலைக் காணவில்லை

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். "மாமா, அப்பாவின்ர திவசத்துக்கு அவர் பாடின பாட்டை நான் பாடப்போறன். அவரின்ர குரல் இல்லாமல் மியூசிக் மட்டும் எடுத்துத் தருவீங்களோ?" என்றாள். அதுக்கென்ன பிள்ளை, அரை மணித்தியால வேலை என்று நானும் வாய் கொடுத்துவிட்டேன்.

2013 இல் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒலிப்பதிவு செய்த பாட்டு. அவளின் தகப்பன் பாட, நான் கணனியில் இசை சேர்த்தேன். அந்த அண்ணை இப்போது இல்லை. புரொஜெக்ற் கோப்பை இரண்டு ஹார்ட்டிஸ்கில் பத்திரமாக வைத்திருந்தேன். புதுக் கணனியில் திறந்தேன். அண்ணையின் குரல் அப்படியே வந்தது. புல்லாங்குழல் இல்லை, வயலின் இல்லை, தபேலா இல்லை. 12 ட்ராக்கில் 11 ஊமை. பிளக்இன் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி மட்டும் திரையில் வந்து நின்றது.

விஷயம் இதுதான். நாங்கள் புரொஜெக்ற் என்று சேமித்து வைப்பது முழுப் பாட்டை அல்ல. பாடினவரின் குரல் ஒலியாகவே பதிவாகிறது. கணனியில் வாசித்த வாத்தியங்களுக்கு, எந்த நேரத்தில் எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற மிடி குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிப்பது பிளக்இன். வாசிக்கிற ஆள் வராவிட்டால் கச்சேரி இல்லை.

அந்த ஆளுக்கோ ஒரு புரொசசரின் பாஷை மட்டும்தான் தெரியும். மக் கணனிகள் 1994 இல் பவர்பிசிக்கு மாறின. 2006 இல் இன்ரெலுக்கு. 2020 நவம்பரில் எம்1 என்று அப்பிளின் சொந்தப் புரொசசருக்கு. ஒவ்வொரு முறையும் பழைய பாஷையைப் புதுப் பாஷைக்கு மாற்ற ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தந்தார்கள். 2006 இல் வந்த ரொசெற்றாவை 2011 இல் லயன் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். இப்போதுள்ளது ரொசெற்றா 2. அதுவும் மக்ஓஎஸ் 27 வரைதான், பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதி மிஞ்சும் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதும் சிக்கல் உண்டு. ஒரே புரோகிராமுக்குள் இரண்டு பாஷை ஓடாது. இசை மென்பொருள் புதுப் பாஷையில் ஓடினால் இன்ரெல் பிளக்இன் அதற்குள் ஏறாது. லொஜிக் புரோ மாதிரிச் சிலது பழைய ஓடியோ யூனிற் பிளக்இன்னைத் தனியாக வைத்து ஓட்டும். இல்லாவிட்டால் முழு மென்பொருளையும் ரொசெற்றாவில் திறக்கவேண்டும். நானும் அப்படித் திறந்து பார்த்தேன். உரிமத்தை இணையத்தில் உறுதி செய் என்றது. உறுதி செய்யவேண்டிய நிறுவனமோ எப்போதோ கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கின சாமான், திறப்பு மட்டும் வேறு யாரிடமோ.

புதுப் புரொசசரை நான் குறை சொல்லமாட்டேன். வேகம், சூடில்லை, சத்தமில்லை. ஒலிப்பதிவு அறைக்கு இதைவிட என்ன வேண்டும். ஒன்றிரண்டு பேர் நடத்தும் சின்ன நிறுவனங்களுக்கு எல்லாவற்றையும் திருப்பி எழுத வசதி இருக்காது என்பதும் விளங்குகிறது. ஆனால் கைவிடுகிற நாளில் அந்தப் பூட்டையாவது கழற்றிவிட்டுப் போகலாம். பழைய கணனி வைத்திருப்பவனாவது தன் பாட்டைத் திறந்து எடுத்துக்கொள்வான். வாங்கினவனுக்குச் செய்யவேண்டிய ஆகக்குறைந்த மரியாதை அது.

அவர்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. பிழை என்னிலும் உண்டு. 1995 இடப்பெயர்வில் உடுப்புப் பையோடு வந்த கசற் ஒன்று இன்றைக்கும் என்னிடம் பாடுகிறது. காரணம், அதில் இருப்பது ஒலி. எந்த டெக்கில் போட்டாலும் கேட்கும். 2013 இல் செய்ததற்கு நான் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. இசை சேர்த்த அன்றைக்கே ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பாரில் இருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைத்திருக்கவேண்டும். 5 நிமிடப் பாட்டு, 20 மோனோ ட்ராக், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்றால்கூட ஒரு ஜிபி வராது. ஒரு படத்தைவிடக் குறைவு. கோப்பின் பெயரில் தாள வேகத்தையும் சுருதியையும் எழுதிவிட்டால் எந்த மென்பொருளிலும் அடுக்கலாம்.

ஆகவே கோயில் பாட்டு, நினைவுப் பாட்டு, பிள்ளைகளின் அரங்கேற்றப் பாட்டு என்று கணனியில் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். புதுக் கணனி வாங்க முதல், பழையது உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒலியாக எடுங்கள். எடுத்து முடியும்வரை பழையதை விற்காதீர்கள். நான் விற்றுவிட்டேன்.

மிடி குறிப்பு மிஞ்சியிருந்ததால் வேறு புல்லாங்குழல், வேறு வயலின் போட்டு இரண்டு இரவு இருந்து மீளச் செய்து அனுப்பினேன். சுரம் ஒன்றும் பிழையில்லை. பிள்ளை கேட்டுவிட்டு, "தாங்ஸ் மாமா, அப்பாவின்ர பாட்டு மாதிரியே இருக்கு" என்றாள்.

மாதிரி. அந்தச் சொல்தான் இன்னும் காதுக்குள் நிற்கிறது.