சொப்பிங் பையிலிருந்து சேர்வருக்கு: நமது பதிவுகளுக்கு யார் பொறுப்பு?

இரத்தினபுரி நகரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணிநேரம் போகவேண்டிய தோட்டம் அது. லயன் அறையில், அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் சுவரில் ஆணியில் தொங்கிய சொப்பிங் பையை இறக்கிக் காட்டினார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கணவரின் மரணச் சான்றிதழ், ஈ.பி.எப். கடதாசிகள். மழை கூடினால், மண் சரியும் என்று சொன்னால், முதலில் தூக்குவது இந்தப் பையைத்தான் என்றார்.

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: “இனிமே பேப்பரு வேணாமாம், எல்லாம் கம்பியூட்டர்ல இருக்குமாம். அது தொலஞ்சா யாருகிட்ட போயி கேக்குறது தம்பி?”

அவருடைய அக்கா குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியா பக்கம் போய்க் குடியேறியது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியபோது அவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றுக்காக இரத்தினபுரிக்கு வந்து அலைந்தார்கள்.

பதிவு என்பது நமக்கு வெறும் அலுவலக வேலை அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்பதற்கு அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்தில் பிறந்த பலரிடம் அந்த ஆதாரம் இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்கை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. யாழ். நூலகம் எரிந்த அதே 1981இல், ஆகஸ்ட் மாதம் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். மனிதர்களோடு கடதாசிகளும் போயின.

எனவே அந்த அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் தேவை. கம்பியூட்டரில் இருப்பது தொலையுமா?

தொலையும். இங்கேயே தொலைந்திருக்கிறது. 2021 ஜூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள், அரசாங்கத்தின் பொதுச் சேர்வர் கட்டமைப்பான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டிலிருந்து அழிந்தன. 2023 ஓகஸ்டில் அதே கட்டமைப்பு ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு, வலையமைப்புக்கு வெளியே வைத்த காப்புப்பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013இல். அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்கப் பணம் இல்லாமல் தள்ளிப்போனது என்பது தரப்பட்ட விளக்கம்.

இதைத் தடுக்கும் தொழில்நுட்பம் இல்லையா? இருபது ஆண்டுகளாக இருக்கிறது. உதாரணத்துக்கு சொலாரிஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸின் வழிவந்தது அது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் நிற்காமல் ஓடவேண்டிய சேர்வர்களுக்காக விலைகொடுத்து வாங்கிய பணிசெயல் முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதை 1992இல் வெளியிட்டது. 2005இல் வந்த சொலாரிஸ் 10, ஒரே இயந்திரத்தைப் பல தனி அறைகளாகப் பிரிக்கும் ‘சோன்ஸ்’ வசதியைத் தந்தது. ஒரு அறையில் நடக்கும் கோளாறு மற்ற அறைக்குப் போகாமல் அது காக்கும். அடுத்த ஆண்டு அதோடு சேர்ந்தது இசெட்.எப்.எஸ். என்ற கோப்பு முறைமை.

இசெட்.எப்.எஸ்ஸின் யோசனை எளிமையானது. பழைய தரவின்மேல் புதியதை எழுதாது. புதிய இடத்தில் எழுதும். அதனால் நேற்றைய நிலை, போன வார நிலை என்று ‘ஸ்னாப்ஷொட்’களை, அதாவது மாற்றமுடியாத நிழற்பிரதிகளை, நொடியில் எடுத்துவைக்கலாம். இன்று ஒருவன் கோப்புகளைப் பூட்டினாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. டிஸ்க் பழுதாகி ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடித்து, இரண்டாவது பிரதி இருந்தால் தானே திருத்தும்.

ஆனால் சொலாரிஸின் கதையில் எச்சரிக்கைகளும் உண்டு. 2010 ஜனவரியில் ஒரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. சில மாதங்களில், மூலநிரல் திறந்திருந்த ஓப்பன்சொலாரிஸ் நிறுத்தப்பட்டது. 2017இல் அதை உருவாக்கிய பொறியியலாளர்களில் பெரும்பகுதியினர் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு 11.4 பதிப்பு வந்தது, பராமரிப்பு தொடர்கிறது. எவ்வளவு நல்ல பொருளானாலும் அதன் ஆயுள் வேறொருவரின் இலாபக் கணக்கில் தங்கியிருக்கிறது என்பது முதலாவது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கைப்பற்றியவன் ஸ்னாப்ஷொட்டையும் அழிக்கலாம் என்பது இரண்டாவது. வேறு இடத்தில், வேறு கையில் ஒரு பிரதி இல்லாவிட்டால் எந்த முறைமையும் காப்பாற்றாது.

மூன்றாவதுதான் தோட்ட மக்களுக்கு முக்கியமானது. எழுதியது அப்படியே இருக்கிறதா என்றுதான் சரிபார்ப்பு எண் பார்க்கும். எழுதியது சரியா என்று அதற்குத் தெரியாது. தோட்டத்தில் துரை அறிவித்து, சிங்களத்தில் பதிவாகி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறிய பெயர்கள் ஏராளம். நான் பார்த்த அந்தப் பையில் ஒரே மகளின் பெயர் மூன்று கடதாசிகளில் மூன்று விதமாக இருந்தது. கிராம உத்தியோகத்தர் ஆளைத் தெரிந்து விட்டுக்கொடுப்பார். கம்பியூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். அந்தப் பிழையையும் அது பத்திரமாக, நூறு ஆண்டுக்குக் காத்துவைக்கும்.

டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய மானியத்தோடு, பெங்களூரில் உருவான மொசிப் என்ற திறந்த மூல மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. திறந்த மூலம் நல்ல தெரிவு. ஒரு நிறுவனத்தின் கதவடைப்பில் நாடு மாட்டிக்கொள்ளாது. ஆனால் காப்புப்பிரதியையும் பெயர்த் திருத்தத்தையும் மென்பொருள் தானாகச் செய்யாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகளோ தள்ளிவைக்கப்பட்டன.

ஆகவே கேட்கவேண்டியதை இப்போதே கேட்கவேண்டும். காப்புப்பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பரிசோதித்தார்கள்? மென்பொருளின் ஆதரவு எந்தத் திகதியில் முடிகிறது, புதுப்பிக்கப் பணம் ஒதுக்கியாகிவிட்டதா? பதிவேற்றும் முன் பெயரைத் தமிழில் வாசித்து உரியவரிடம் காட்டுவார்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் இவற்றைக் கேட்கலாம். தொழிற்சங்கங்களும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்டால் இன்னும் நல்லது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பையை எறிந்துவிடாதீர்கள். “அதெப்படி எறிவேன்?” என்று கேட்டுக்கொண்டே அவர் அதைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.